வாப்பா, நீங்கள் அனுப்பிய பில்டரைக் கழற்றிவிட்டோம்

என்ட அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மையவாடிக்குப் போய்த் தங்கள் வாப்பாமாருக்குச் சலாம் சொல்லிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்களைச் சவூதியில், தம்மாமிலேயே அடக்கிவிட்டார்கள். உங்களோடு அறையில் இருந்தவர் ஒரு படம் அனுப்பினார். மணலும் கற்களும்தான் தெரிகின்றன. அதில் எது உங்கள் கபுறு என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே சாய்ந்தமருதில் நம் வீட்டு மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தே எழுதுகிறேன்.

மீன்கள் சாகின்றன, வாப்பா. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். நான்கில் மூன்று போய்விட்டன. மிச்சமிருப்பது அந்தச் சிவப்பும் வெள்ளையும் கலந்தது மட்டும்தான்.

என்னை உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது. அந்தப் பயத்திலேயே ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். உங்களோடு போனில் கதைத்தாலும் "ஓம் வாப்பா", "சரி வாப்பா" என்பதற்கு மேல் எனக்கு வராது. இந்தத் தொட்டி வந்த பிறகுதானே நமக்குள் கதை வந்தது? நீங்கள் வண்டியை விட்டுவிட்டு அறைக்கு வந்து வீடியோ கோல் எடுப்பீர்கள். நான் போனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிப்பேன். கொழுத்த கறுப்பு மீனுக்கு உங்கள் அரபி முதலாளியை நினைத்துக் 'கபீல்' என்று பெயர் வைத்தீர்கள்.

"கபீல் திண்டாரா மவள்? இன்னமும் கோவமாத்தான் இரிக்காரா?"

"திண்டுட்டு மத்ததுகள்ர பங்கையும் பார்த்துக்கிட்டு இரிக்காரு வாப்பா."

நான் வாய் நிறையக் கதைத்தது இந்த மீன்களைப் பற்றித்தான். இந்தக் கடைசி ஒன்றும் போய்விட்டால் உங்களிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கும்?

பழைய காற்றுப் பம்ப் கடகடவென்று அடிப்பது உங்களுக்கும் கேட்டது. "அத விடு மவள், இங்க நல்ல சாமான் இரிக்கி, கார்கோல போட்டு விடுறன்" என்றீர்கள். பெட்டி கடலில் வந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள். பெட்டி வாசலுக்கு வந்தபோது உம்மா வெள்ளை உடுத்து, வெளியே போகாமல் இத்தாவில் இருந்தார். பெட்டியின் மேலே உங்கள் கையெழுத்தில் நம் விலாசம். உள்ளே பால்மா, சவர்க்காரம், எனக்கு ஒரு அபாயா. எல்லாவற்றுக்கும் நடுவில், துவாயால் சுற்றி, என் முழங்கை நீளத்துக்கு அந்தப் பில்டர்.

அதற்கு முந்தின நாள்தான் உங்களுக்காக ஓதுகிற கத்தத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று மாமி வீட்டை மூலைமுடுக்கெல்லாம் கழுவினார். தொட்டிக்குள் கிடந்த பழைய கறுப்பு ஸ்பொஞ்ச் பில்டரையும் எடுத்துச் சவர்க்காரம் போட்டுப் பிழிந்து மதிலில் காயவைத்துவிட்டார். "எவ்வளவு ஊத்தடி புள்ள இது. இந்த மீனெல்லாம் எப்பிடித்தான் உசிரோட இருந்திச்சோ" என்றார். அந்த ஊத்தைக்குள்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்து மீனின் கழிவைத் தின்று தண்ணீரை நல்லதாக்குகின்றன என்று பிறகு ஒரு வீடியோவில் பார்த்தேன். மாமியில் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் தங்கச்சி, அழுதழுதுதான் கழுவினார்.

நீங்கள் அனுப்பியதைப் போட்டோம். நம் தொட்டி இரண்டடி. அந்தப் பில்டர் கட்டில் அளவு தொட்டிக்கு உரியது. தண்ணீர் ஆறு மாதிரி ஓடியது. உருண்டை உடம்பும் நீண்ட வாலும் உள்ள மீன்கள் அதை எதிர்த்து நீந்த முடியாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அது தண்ணீரை இழுக்கும் பக்கத்தில் கபீலின் வால் அகப்பட்டுக் கிழிந்தது. நான் அதில் தண்ணீர் வெளிவரும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், துணி கட்டிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

மாமி மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாருங்க, எங்கட காக்கா, இவட வாப்பா, கடைசியா அனுப்பின சாமான். தண்ணி பளிங்கு மாதிரி."

தண்ணீர் பளிங்கு மாதிரித்தான் இருந்தது, வாப்பா. அந்தப் பளிங்குக்குள்தான் கபீல் செத்து மிதந்தார்.

மூன்றாவது மீனும் போன அன்று நானே கல்முனைக்குப் போனேன். உம்மா இத்தா முடியும்வரை வெளியே போக முடியாது. மாமியும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். மீன் கடையில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். நான் ஓரமாக நின்றேன். அவர்கள் போனார்கள், வேறு இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் போனார்கள்.

"என்ன வேணும் தங்கச்சி?" கடைக்காரர் கேட்டார். "வந்து நிண்டு மீனையெல்லாம் எண்ணி முடிச்சிட்டீங்க போல."

நான் அங்கிருந்த ஒரு காற்றுப் பம்பைக் காட்டினேன்.

"இதா? இத விட இதப் பாருங்க, ரெண்டு குழாய். கலியாண மண்டபத்துக்கே காத்தடிக்கும்."

"பெரிசு வேணாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தொட்டி எத்தின அடி? என்ன மீன்? ஒண்டும் சொல்லாட்டி நான் எப்பிடித் தாற? வாப்பாவ அனுப்புங்க புள்ள, அவருக்கு நான் விளங்கப்படுத்துறன்."

"வாப்பா மௌத்து" என்றேன்.

அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் யாருக்கும் சொல்லத் தேவை வரவில்லையே. பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டடித் தொட்டி என்றேன். தண்ணீர் ஓடக்கூடாது, அதுகளுக்கு நீந்த ஏலாது என்றேன். சத்தமும் கேட்கக்கூடாது, பக்கத்து அறையில் உம்மா ஓதிக்கொண்டிருப்பார் என்றேன். கடைக்காரர் பம்புகளை ஒவ்வொன்றாகக் கரண்டில் கொடுத்தார். நான் காதை வைத்துக் கேட்டேன், குழாய் வாயில் விரலை வைத்துக் காற்றைப் பார்த்தேன். காற்றைக் கூட்டிக் குறைக்கிற சிறிய பம்ப் ஒன்றும், ஒரு ஸ்பொஞ்ச் பில்டரும் எடுத்தேன். கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குத் திரும்பி வராமலிருக்க ஒரு சின்ன அடைப்பானையும் அவர் பைக்குள் போட்டார்.

வீட்டில் உம்மா பையைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்.

"அவர்ர கை பட்ட சாமான் அது. அதுட சத்தம் கேக்குறதாலதான் நான் கண்ண மூடுறன். அதக் கழட்டப் போறியா?"

"உம்மா, அந்த ஒண்டும் செத்துப்போகும்."

"செத்தா வேற மீன் வாங்கலாம்."

உம்மாவை எதிர்த்து நான் கதைத்ததே இல்லை. "வாப்பா மீனப் பாக்கத்தானே அனுப்பின. பில்டரப் பாக்கவா உம்மா?"

உம்மா எழும்பி வந்து, "நீ தொடாத" என்று சொல்லித் தன் கையாலேயே ப்ளக்கைப் பிடுங்கினார். வீடு சட்டென்று அமைதியாகியது. அந்த அமைதியில்தான் உம்மா சத்தம் போட்டு அழுதார், நீங்கள் மௌத்தான செய்தி வந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. பில்டரை ஈரம் போகத் துடைத்து, நீங்கள் சுற்றியிருந்த அதே துவாயால் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

புதிய பம்ப் இப்போது ஓடுகிறது. ஆனால் மீன் தேறவில்லை. அடியில் கிடந்து செவுளை வேகமாக அடிக்கிறது. தீனி போட்டால் பார்க்கிறது, தின்னவில்லை. புதிய ஸ்பொஞ்சில் அந்த உயிர்கள் குடிவர வாரக்கணக்கில் செல்லுமாம். அதுவரை வாளியில் தண்ணீரை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறேன். அவ்வளவு காலம் அது தாங்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் அறையில் இருந்தவர் உம்மாவிடம் சொன்னார், உங்களுக்குப் பல மாதமாக நெஞ்சு நோவாம். என்னோடு மீன் பார்க்கும்போதும் ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டுதான் இருப்பீர்களாம். போனில் உங்கள் முகம் மட்டும்தானே எனக்குத் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல" என்றீர்களே, ஏன் வாப்பா? எங்களிடம் சொன்னால் என்ன? நான் கபீலின் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேனே.

நான் உங்களுக்கு அப்படிச் செய்யமாட்டேன். இந்த மீன் தேறினால் சொல்வேன். செத்துப்போனால் அன்றைக்கே சொல்வேன். உம்மாவுக்கு எங்காவது நோகிறதா என்று தினமும் கேட்பேன், "ஒண்டுமில்ல" என்றால் விடமாட்டேன். எனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயால் சொல்வேன். இப்போது மிகவும் பயமாக இருக்கிறது, வாப்பா.

அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைக்கட்டும்.

உங்களுக்கு ஒன்றையும் ஒளிக்காத
உங்கள் ஒரே மவள்