பசியில்லை என்று சொல்லிவிட்டேன்

29 ஒக்டோபர் 1943, வெள்ளவத்தை

நாளை கந்தசட்டி தொடக்கம். ஆறு நாளும் விரதம் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னதும் இவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீரோ?" என்றார். பதினாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்கு என் வயிற்றைப் பற்றித் தெரியாதா?

தம்பி சிவானந்தன் மலாயாவில், ஈப்போவில் ரயில்வே கிளார்க். சிங்கப்பூர் ஜப்பான்காரரிடம் விழுந்து இருபது மாதமாகிறது. அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. முருகனோடு ஒப்பந்தம் பேசியிருக்கிறேன்: நான் சாப்பிடமாட்டேன், நீ அவனை உயிரோடு வைத்திரு. "கூப்பன் அரிசிக் காலத்திலை விரதம் நல்லதுதான்" என்றார் இவர். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

30 ஒக்டோபர்

காலை பதினொரு மணி. பசி. இன்னும் ஐந்தேமுக்கால் நாள்.

1 நவம்பர்

இரவில் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். சாமிப் படத்தடியில் வைத்த கதலிப்பழத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்தி என்று இவர் நினைக்கிறார்.

பக்கத்து வீட்டு லியு நோனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சீனாக்காரி, கணவர் பொய்ப்பல் கட்டுகிறவர். எங்களுக்குப் பொதுவான பாஷை சந்தைச் சிங்களம். ஒருவரையொருவர் நோனா, அதாவது அம்மணி, என்று கூப்பிட்டுக்கொண்டு சமமாகப் பிழை விடுவோம், ஆகவே நல்ல சிநேகம். "பத் கேவத?" - சோறு சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பார். மற்ற நாட்களில் ஓம் போட்டு, கறிகளின் பெயரையும் ஒப்பிப்பேன். விரதத்தை ஊருக்குச் சொல்லிப் பீற்றக்கூடாது என்பது அம்மா வளர்த்த வளர்ப்பு. "பசியில்லை" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. ஏன்?

2 நவம்பர்

வேலிக்கு மேலால் ஒரு சுண்டு அரிசி வந்தது. அவர்களுடைய கூப்பன் அரிசி! திருப்பிக் கொடுத்தேன். சற்றுப் பொறுத்து இரண்டு முட்டை வந்தன. கந்தசட்டிக்கு முட்டை! அவையும் திரும்பிப் போயின. பின்னேரம் வேலையால் வந்த இவரை லியு நோனா வாசலில் மறித்து, பெண்சாதிக்குச் சோறு போடாத மனிதன் என்று ஏசியிருக்கிறார். "தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் என்னப்பா செய்தனான்?" என்று இவர் புலம்ப, நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். வெறும் வயிறு குலுங்கினால் நோகிறது.

3 நவம்பர்

ஐந்தாம் நாள். லியு ஒரு கோப்பைக் கஞ்சியோடு வந்து எங்கள் அடுப்படியில் இருந்துவிட்டார். இனி மறைத்து என்ன? விரதம், முருகன், தம்பி எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினார். கோப்பையை மட்டும் எடுக்கவில்லை.

அவர் ஊர் சீனாவில் ஹோனான். அங்கே வயதைப் பஞ்சத்தை வைத்துத்தான் எண்ணுவார்களாம். பாட்டனுக்கு மூன்று வருடம் மழை பெய்யாத பஞ்சம். தகப்பனுக்கு ஆறு உடைத்த பஞ்சம். தனக்குப் பன்னிரண்டு வயதில் ஒன்று. போன வருடம் இன்னொன்று - மழையில்லை, வெட்டுக்கிளி, மிஞ்சிய தானியமும் பட்டாளத்துக்கு. சகோதரங்கள் அங்கேதான். கடிதம் இல்லை.

"எனக்குப் பன்னிரண்டு வயசிலை, அம்மா கஞ்சியை எங்களுக்குப் பங்கிட்டுப்போட்டு, பசியில்லை எண்டு சொல்லுவா. நாங்கள் நம்பினோம். சந்தோசமா நம்பினோம், நோனா. ஒருநாள் காலமை அவ எழும்பேல்லை."

முருகா, நான் என்ன செய்ய? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே சொல்லை இன்னொரு தரம் சொல்ல எனக்கு ஏலாது. குடித்தேன். இஞ்சி போட்ட கஞ்சி. கடைசிப் பருக்கை போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் எழும்பினார்.

தம்பிக்கு ஏதும் நடந்தால்? என்ரை வாயாலைதானே - ஐயோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

4 நவம்பர்

சூரன்போர். கோயிலில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். முருகன் என்னைக் காணாதது நல்லது.

12 பெப்ரவரி 1944

கடிதம் இல்லை. லியுவுக்கும் இல்லை. தபால்காரன் எங்கள் இரண்டு வாசலையும் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறான்.

9 நவம்பர் 1945

தம்பியின் கடிதம்! அவனே எழுதியது. உயிரோடு இருக்கிறான்! செருப்பும் போடாமல் ஓடிப்போய் லியுவைக் கட்டிப்பிடித்து அழுதேன். முருகன் அந்தக் கஞ்சியைக் கணக்கில் எடுக்கவில்லை.

என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னேன். "அக்கா, நான் சுகம். கொஞ்சம் மெலிந்துவிட்டேன், வேறொன்றுமில்லை. இங்கு பசி பட்டினி கிடையாது. எனக்காக ஒன்றும் அனுப்பி மினக்கெட வேண்டாம்." சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது.

லியு உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தோடு வந்தார். அவருக்கு ஊரிலிருந்து இன்னும் ஒரு வரி வரவில்லை. இரண்டு பேருமாகத் தகரத்தை நிரப்பினோம்: ஒடியல், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், அவருடைய காய்ந்த இஞ்சி.

இவர் வந்து பார்த்தார். "பெடியன் பசியில்லையெண்டுதானே எழுதியிருக்கிறான்?"

நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். மனிதர் உள்ளே போய், பொதி கட்ட நூல் எடுத்துக்கொண்டு வந்தார்.