கையுறை போட்டிருந்த நேரத்தில்

மார்ச் 3, திங்கள்

குட்டி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி, என் காசு எப்படி இருக்கு?" என்றாள். பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளையை விசாரிக்கிற குரல். "உன்னைவிட நல்லா இருக்கு, கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கு" என்றேன். சிரித்தாள்.

இவருக்குத் தங்கை. முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் இன்னும் குட்டிதான். விவாகரத்தில் கிடைத்த பணம் முழுவதையும் பங்குகளில் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கணக்கு அவள் பெயரில், ஓட்டுவது நான். அவளுக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப் பிடிக்காது. வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று ஆரம்பிக்கப் போகிறாள். இடம் பார்த்தாயிற்று, முன்பணமும் கொடுத்தாயிற்று. மீதியை ஏப்ரல் பத்துக்குள் கட்ட வேண்டும்.

"இப்பவே வித்துடலாமா?" என்று கேட்டாள். நான்தான், "இன்னும் ஒரு மாசம் இருக்கே. நல்லா ஏறிட்டு இருக்கு. கொஞ்சம் பொறுத்தா லென்ஸ் வெட்டற மிஷினும் சேர்த்து வாங்கிடலாம்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி அண்ணி."

மார்ச் 7, வெள்ளி

கூட்டணியில் இருக்கிற சின்னக் கட்சி முறுக்கிக்கொண்டு நிற்கிறதாம். ஆட்சி இருக்குமா போகுமா என்று நான் வேலை செய்கிற லேபில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்கூடப் பேசுகிறார்கள். சந்தை கொஞ்சம் இறங்கியது. அதிகமில்லை.

எனக்கு ஒரே தொல்லை, காலையிலிருந்து மாலை வரை கையில் கையுறை, போன் லாக்கரில். சாப்பாட்டு வேளையில் திறந்து பார்த்தால் எல்லாம் முடிந்த கதையாக இருக்கும். நான் பார்க்கும்போது சந்தை நல்ல பிள்ளையாக இருக்கிறது. பார்க்காதபோது என்ன செய்கிறதோ.

மார்ச் 9, ஞாயிறு

இன்று உட்கார்ந்து ஏழு கம்பெனிக்கும் ஸ்டாப் லாஸ் போட்டேன். விலை இதற்குக் கீழே போனால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று உத்தரவு. பத்து சதவீதம் விழுந்தால் விற்றுவிடும். அதற்குமேல் குட்டியின் பணம் கரையாது. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது.

இவர் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எல்லாவற்றையும் கயிறும் சக்கரமுமாகத்தான் பார்ப்பார். "பிரேக் போடறது நல்லதுதான். ஆனா ரொம்ப டைட்டா வச்சா உள்ள இருக்கற பையன் குதிச்சாலே பிடிச்சு நின்னுடும். அப்புறம் நடுமாடியில தொங்கணும்" என்றார்.

"இது உங்க லிஃப்ட் இல்லைங்க."

"ஏறி இறங்கறதுதானே ரெண்டும்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

நேற்று நன்றாகத் தூங்கினேன். ஸ்டாப் லாஸ் நீடூழி வாழ்க.

மார்ச் 13, வியாழன்

எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. பரவாயில்லை, யார் படிக்கப் போகிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு லாக்கரைத் திறந்தேன். போனில் ஏழு செய்தி. ஏழும் ஒரே மாதிரி. விற்கப்பட்டது. விற்கப்பட்டது. விற்கப்பட்டது. யாரோ கணக்குக்குள் புகுந்துவிட்டான், திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். உடை மாற்றும் அறையில் உட்கார இடமில்லாமல் அழுக்கு அங்கி போடுகிற கூடையின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

தரகர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "யாரும் புகுந்து விக்கலை மேடம். நீங்க போட்டு வச்ச ஆர்டர்தான் மேடம்" என்றாள்.

காலையில் பிரதமர் ராஜினாமா செய்துவிட்டார் என்று ஒரு புரளி. எங்கிருந்து கிளம்பியதோ. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடியிருக்கிறார்கள், வாங்க ஆளில்லை. விலை தொபுக்கென்று விழுந்திருக்கிறது. என் உத்தரவு விழித்துக்கொண்டு, கிடைத்த விலைக்கு ஏழையும் தள்ளிவிட்டிருக்கிறது. பத்து சதவீதத்திலா? எங்கே. பத்தில் வாங்க ஒருத்தனும் இல்லையாம். இருபத்தைந்தையும் தாண்டித்தான் ஆள் கிடைத்திருக்கிறான். அரை மணி நேரத்தில் பிரதமரே டிவியில் வந்து சிரித்துக்கொண்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்றாராம். விலையெல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

அதே ஏழு கம்பெனி. காலையில் இருந்த அதே விலை. பங்குதான் எங்ககிட்ட இல்ல.

"அப்ப அந்த விலைக்கே திரும்பக் கிடைக்காதா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கேட்கும்போதே அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. "சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்கு மேடம்" என்றாள். கரெக்டாம்.

அந்த அரை மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அவர், "மெதுவா பாரும்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

கால்வாசிக்கும் மேல் போச்சு. குட்டியோட காசு. ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 14, வெள்ளி

இவரிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். நான் சொன்ன பிரேக் கதைதானே என்று குத்திக்காட்டவாவது செய்வார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஸ்பேனர் பையை மடித்துக் கட்டிக்கொண்டே, "இது தப்பு இல்ல. நடந்து போச்சு. ஆனா அவகிட்ட இன்னைக்கே சொல்லிடு" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 15, சனி

நாளை வந்தது. குட்டியும் வந்தாள். கையில் பெயின்ட் கடை அட்டை, அதில் நகம் நகமாக நூறு நிறம். தரையில் உட்கார்ந்து பரப்பினாள். "வெள்ளை போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இந்தப் பச்சை எப்படி? முகத்துல வெளிச்சம் அடிக்காது, பிரேம் போட்டுப் பார்க்கறவங்களுக்கு நல்லா இருக்கும்." இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். "அந்த இளம்பச்சை நல்லா இருக்கு" என்றது வாய்.

அவள் போன பிறகு இவர் ஸ்பேனர்களை எடுத்துத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

விற்ற பணம் கணக்கில் சும்மா கிடக்கிறது. முக்கால்வாசி. வெள்ளிக்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆட்சி தப்பிவிடும், உடனே சந்தை பிய்த்துக்கொண்டு போகும் என்று டிவியில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொல்கிறார்கள். போனதில் பாதியை மீட்டாலும் போதும். அதன்பிறகு குட்டியிடம் சொல்லலாம். இப்படி ஒன்று நடந்தது, ஆனால் சமாளித்துவிட்டேன் என்று சொல்லலாம்.

லேபுக்குப் போகும் முன்பே, வாசலில் நின்றபடியே, முழுவதையும் போட்டேன். மூன்று கம்பெனி. ஸ்டாப் லாஸ் போடவில்லை. சூடு பட்டது போதும்.

இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

ஏறுகிறது. கொஞ்சம்தான், ஆனால் ஏறுகிறது. நான் ஒன்றும் அவ்வளவு முட்டாள் இல்லை.

மார்ச் 20, வியாழன்

குட்டி போன் செய்தாள். "நாளைக்கு ஏதோ ஓட்டெடுப்பாமே, நம்ம காசுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நீ உன் வேலையைப் பாரு, அதை நான் பாத்துக்கறேன்."

மார்ச் 21, வெள்ளி

ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது.

ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் காத்திருக்கும் அறை டிவியை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் எழுந்து வர ஆளில்லை. நான் விதியை மீறிக் கையுறையோடே லாக்கருக்கு ஓடினேன். சந்தை தரையைத் தொட்டுக் கிடந்தது. விற்கப் போட்டேன். வாங்க ஆளில்லை. மறுபடி போட்டேன். ஆளில்லை. மாலையில் அறிவிப்பு: மறு உத்தரவு வரும் வரை பங்குச்சந்தை மூடப்படுகிறது.

மூடுவார்களா? கடையா அது, ஷட்டரை இழுத்துவிட்டுப் போக? இப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? எனக்கு நிஜமாகவே புரியவில்லை. இத்தனை வருடத்தில் விலை ஏறும் இறங்கும் என்று தெரியும். கதவே இருக்காது என்று தெரியாது.

திங்கட்கிழமை நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் முக்கால்வாசி ரொக்கமாக இருந்திருக்கும். சும்மா இருந்திருந்தால் போதும். அதுகூட என்னால முடியல.

மார்ச் 22, சனி

இவருக்குத் தெரிந்துவிட்டது. நானே சொன்னேன். "திங்கக்கிழமை வாங்கினியா? என்கிட்டகூடச் சொல்லாமயா?" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். விடுமுறை நாளில் எந்த லிஃப்டைப் பார்க்கப் போனாரோ.

மார்ச் 23, ஞாயிறு

குட்டியின் வாடகை அறைக்கு நானே போனேன். கட்டில் ஓரமெல்லாம் பிரேம் மாதிரிகள், டப்பா டப்பாவாக. என்னை உட்காரவைக்க இரண்டு டப்பாவை நகர்த்தினாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். புரளி, ஏழு செய்தி, திரும்ப வாங்கியது, சந்தை மூடியது. குரல் உடையும் என்று பயந்தேன். உடையவில்லை. அறிக்கை வாசிப்பதுபோல வந்தது. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "எந்த நாள் வித்துப் போச்சு?" என்றாள்.

"வியாழக்கிழமை. பதிமூணு."

"சனிக்கிழமை நான் பெயின்ட் கலர் எடுத்துட்டு வந்தேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். கணக்குச் சரிபார்க்கிறவள் மாதிரி. "அன்னைக்குக் கையில முக்கால்வாசி இருந்திருக்கு. ஏதாவது ஒரு மூலையில சின்னதா ஆரம்பிச்சிருப்பேன். பச்சை பெயின்ட் இல்லாட்டி போகுது."

"திரும்ப எடுத்துடலாம்னு நினைச்சேன் குட்டி. உனக்குக் கஷ்டம் தெரியக் கூடாதுன்னு—"

"எனக்கா, உங்களுக்கா?"

நான் எழுந்தேன். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கீழே வரை வந்து வழியனுப்பினாள். படியில் விளக்கு எரியாது, பார்த்து இறங்குங்கள் என்றாள். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண்மணி ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார்.

மார்ச் 27, வியாழன்

என் சேமநிதியை எடுத்துத் தருகிறேன் என்று இவரிடம் சொன்னேன். "எடுத்தாலும் கால்வாசிக்குக் காணாது. அதோட அவ வாங்க மாட்டா" என்றார். "நீங்க சொன்னா வாங்குவா." "நான் எந்த மூஞ்சியை வச்சுட்டுச் சொல்றது? நானும்தானே அன்னைக்கு உக்காந்து கலர் பார்த்தேன்."

ஏப்ரல் 2, புதன்

சந்தை இன்னும் திறக்கவில்லை. இன்று ஒரு ரத்த மாதிரிக்குப் பெயர் மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, அனுப்பும் முன் பார்த்தேன். சீனியர், "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கெடு நாள். கட்டப் பணம் இல்லை. இடத்துக்காரர் முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டார். போனில் குட்டிதான் இவரிடம் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

திறந்தார்கள். புது ஆட்சி, புது முகங்கள், பழைய டிவி ஆட்கள். மூன்று கம்பெனியும் சேர்ந்து, குட்டி முதலில் கொடுத்ததில் பாதிதான் தேறும். லாக்கர் முன்னால் நின்று அந்த எண்ணைப் பார்த்தேன். இரண்டு வருட உழைப்பு என்று நான் பெருமையடித்துக்கொண்டது இதுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

குட்டி வந்தாள். அவளைப் பார்த்து நான்கு வாரம் ஆகிவிட்டது. இளைத்திருந்தாள். விற்கச் சொல்வாள் என்று நினைத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து தயாராக வைத்திருந்தேன்.

"விக்க வேண்டாம்" என்றாள். "கடைதான் போச்சே, இனி என்ன அவசரம். எப்படி வாங்கறது, எப்படி விக்கறது, நீங்க போட்டீங்களே அந்த ஸ்டாப் லாஸ், எல்லாத்தையும் ஒரு தடவை காட்டுங்க."

காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுருக்கான கேள்விகள். விழுகிற நேரத்தில் வாங்க ஆள் இல்லாவிட்டால் இந்த உத்தரவு என்ன செய்யும் என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. பொறுமையாகச் சொன்னேன். நடுவில் பழையபடி இரண்டு பேரும் சிரித்தோம்கூட, எதற்கென்று நினைவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

எல்லாம் முடிந்ததும் அவள் மவுஸிலிருந்து கையை எடுக்காமலே, "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா அண்ணி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

எழுந்து வந்தேன். கதவை அவள் சாத்தினாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்து, "என்ன, வெளிய நிக்கறே?" என்றார்.

"பாஸ்வேர்ட் மாத்தறா."

பேப்பரை மடித்தார். சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். நான் உட்காரவில்லை. உள்ளே விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சரிபார்க்க இரண்டாம் முறை அடிக்கச் சொல்லும்.

பிறகு கதவைத் திறந்து, "வாங்க அண்ணி, முடிஞ்சுது" என்றாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குள் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.