வாசலில் நின்ற ரோஸ் தண்ணீர்

அக்ரஹாரம், மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

புனேயில் வேலை பார்க்கும் மாண்புமிகு ரஞ்ஜிதா அக்காவுக்கு,

தம்பி வேதாந்த் பணிவன்புடன் அறிவிப்பது: இதுவரை வடக்கு தெற்காக இருந்த நமது வீட்டுத் துணிக்கொடி, இன்று காலை முதல் கிழக்கு மேற்காக மாற்றப்பட்டுள்ளது. அப்படிக் கட்டினால்தான் வெயில் சரியாக விழுமாம். அப்பா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார் அல்லவா, கல்லூரியில் நடத்திய புவியியலை இப்போதே பனியன்களுக்கு நடத்த ஆரம்பித்துவிட்டார்.

ஃபோனில் சொன்னால் பாதியில் சிரித்துக் கெடுப்பாய். அதனால்தான் கடிதம். மழை பெய்தால் நம் தெரு தேவம்மாவின் பூக்கடைக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறது. போன வாரம் ஒரு கூடை மல்லிகை பாழ். இன்னொரு தடவை ஏறினால் கடையை மூடிவிட்டுக் கொள்ளேகாலத்துக்கே போய்விடுவதாகச் சொன்னார். அப்பா விடுவாரா? கடைசிக் களப்பயணம் நம் தெருவிலேயே என்று புதன்கிழமை மாணவர்களைக் கூட்டி வந்துவிட்டார்.

ஹோலிக்கு மிஞ்சிய ரோஸ் பொடியைக் கரைத்து, கடையருகே சாக்கடையில் ஊற்றினோம். தண்ணீர் எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடுமே! யோசனை சாட்சாத் என்னுடையது. மேதையின் அக்கா என்று நீ அங்கே தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தெருக்கோடியில் மாணவர்கள் குனிந்து காத்திருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. மூடுகல்லைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தால், ரோஸ் தண்ணீர் மொத்தமும் நம் வாசலில் நிற்கிறது. ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக அப்பா போன வருடம் போட்ட சிமெண்ட் சரிவுதான் சாக்கடையை அடைத்திருக்கிறது.

மாணவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். தேவம்மா மட்டும், "ஏனுங்க சார், ஊருக்கெல்லாம் மேடு பள்ளம் காட்டுனீங்க. உங்க வாசலை நாங்க வந்து காட்டோணுமுங்களா?" என்றார்.

அப்பாவின் முகம் சாயத்தைவிடச் சிவந்தது. பிறகு, "நீங்க பாஸ், தேவம்மா. நான்தான் ஃபெயில்," என்று சொல்லி, மேஸ்திரி முனிராஜை அங்கேயே ஃபோனில் கூப்பிட்டார். மாலைக்குள் சரிவை உடைத்தாயிற்று. நேற்று நல்ல மழை. கடைக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டாவது காபி கேட்டார்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாய யோசனை என்னுடையது இல்லை. ராமாபுரத்து விவசாயிகளோடு வாய்க்கால் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா செய்வதுதானாம். அவருடைய மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும், மகனுக்குத்தான் தெரியாது. நான் வாளி தூக்கினேன், அவ்வளவே. அதிலும் பாதியை என் மேலேயே கொட்டிக்கொண்டு, இன்னும் காது ரோஸாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவருடைய கடைசி வகுப்பு. பின்பெஞ்சில் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது. நீயும் வாயேன், அக்கா.

வாளி தூக்கிய தம்பி,
வேதாந்த்