முதல் டம்ளர்

காலையில் மாடித் தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். சமையலறைக் குழாயைத் திறந்ததும் அந்த வாடை. டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நீ போன பிறகு இந்த வாடை வந்தாலே உன்னோடு பேசத் தோன்றுகிறது. கிழவன் தனியாகப் பேசினால் பைத்தியம் என்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

வங்காள எல்லையில் அகதி முகாம் வேலைக்கு நான் போனபோது நமக்குக் கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவன் என்று குடிதண்ணீருக்கு மருந்து போடும் வேலையைக் கொடுத்தார்கள். மருந்து வாடைக்குப் பயந்து ஜனங்கள் குட்டைத் தண்ணீருக்கு ஓடுவார்கள். குட்டையிலோ காலரா. அதனால் மருந்து போட்டவனே எல்லார் முன்னாலும் முதல் டம்ளரைக் குடித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் முகாம் வழக்கம். அதைப் பெருமையாக உனக்கு எழுதினேன். நீ படித்துவிட்டு அழுதாயாம், உன் அப்பா சொன்னார்.

முகாம் வேலை முடிந்து நான் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் நீ கேட்ட முதல் கேள்வி, "இனிமே போக மாட்டீங்கல்ல?" நான் பெட்டியைத் தூக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன். கொஞ்ச நாளில் ஆப்பிரிக்க முகாம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஓராண்டு ஒப்பந்தம், அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. நீயோ முழுகாமல் இருந்தாய். "பேங்க் வேலைக்கு எழுதிப் போடுங்க மாப்ள, ஊரான் வூட்டு கஷ்டம் நமக்கு எதுக்கு?" என்றார் உன் அப்பா. நீ அழைப்புக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாய். அதுதான் என்னை அரித்தது.

அந்த வருஷ மழையில் நம் காலனிக் கிணற்றில் சாக்கடை கலந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாந்தி பேதி. நான்தான் பவுடரைக் கரைத்து, தெளியவைத்து, வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி அலசினேன். முகாமில் அளவைச் சரிபார்க்கச் சோதனை மருந்து உண்டு. இங்கே என் மூக்கும் மனக்கணக்கும்தான். மறுநாள் குடத்தோடு வந்தவர்கள் மோந்து பார்த்துப் பின்வாங்கினார்கள். நான் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, முதல் டம்ளரைக் குடித்துக் காட்டினேன்.

"உங்களுக்குப் பழக்கம் சார். புள்ளகுட்டிக்காரங்க நாங்க எப்படிக் குடிக்கிறது?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, வாளியில் மொண்டு, மடமடவென்று குடித்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. போட்ட அளவை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். மெல்ல மெல்ல குடங்கள் நகர்ந்து வந்தன.

வீட்டுக்குள் வந்ததும் உன்மேல் கத்தினேன். நீ சிரித்தாய்.

"உங்க மூஞ்சியப் பாத்தேன். இவ்ளோ பயப்படுற மனுஷன் அளவைத் தப்பாப் போட மாட்டாரு. அங்கயும் இப்படித்தானே பயந்துகிட்டு நிப்பீங்க? போய்ட்டு வாங்க."

போனேன். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் அடுத்தது வருமா என்ற கவலையிலேயே இந்தத் தொழிலில் ஆயுசு ஓடிவிட்டது. நாடுகள் மாறின, பயம் மாறவில்லை. ஓய்வு பெற்றபோது அஞ்சாநெஞ்சன் என்று மேடையில் மாலை போட்டார்கள். முன்வரிசையில் நீ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாய்.

டம்ளரோடு நான் நின்றதைப் பார்த்து நம் மகள் வந்தாள். அன்று உன் வயிற்றில் இருந்தவள். டம்ளரை வாங்கிக் குழாயில் பிடித்தாள். "பாத்துக் குடிம்மா" என்றேன். "இன்னுமாப்பா பயம்?" என்று சிரித்துக்கொண்டே வாயில் வைத்தாள். அவள் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.