கணுக்காலில் ஒரு மேகம்

அன்பானவளே,

நலம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரி வராமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் மகளின் எக்ஸ்ரேவை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். வானத்துக்கு நடுவே அவள் கணுக்கால் மிதக்கிறது. உள்பக்கம் மட்டும் வெண்மேகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"எலும்பு ஒரு பக்கமா மட்டும் கூடுதலா வளருது. பத்து லட்சத்துல ஒரு குழந்தைக்குத்தான் வரும். ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் டாக்டர். "இத்தனை நாள் வலிச்சிருக்குமே, நொண்டலையா?"

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நொண்டுகிறாள் என்று போன மாதம் உனக்கு எழுதிச் சிரித்தேனே. அவளிடமும், "நடிப்புல உங்கம்மாவை மிஞ்சிடுவ" என்றேன். அன்றிலிருந்து நேராக நடந்தாள். என் வைத்தியம் பலித்ததென்று மீசையை முறுக்கிக்கொண்டேன். வீக்கத்தைப் பார்த்த பிறகுதான் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, இனிமே நான் நொண்டலாமா?"

இப்படிக்கு,
சிரித்தவன்