நீலமா, கருப்பா

ஏப்ரல் 9, வியாழன்

காலை எட்டுக்கே வெயில். முன்னறைக் கூரை ஷீட்டுக்குக் கீழே நிற்க முடியவில்லை. குடிதண்ணீர் கேன் சொல்ல வேண்டும்.

சம்பந்தி வந்தார், மருமகளைப் பெற்றவர். மல்லேஸ்வரத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, அல்சூரிலிருந்து நடந்தே எங்கள் மர்பி டவுன். என்னைவிட இரண்டு வயது மூப்பு. மூச்சு வாங்கவில்லை. அதுவே எனக்கு முதல் எரிச்சல்.

பேத்தி யாழினி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். தை மாசம் அவர் வாங்கிக்கொடுத்த கேம் கம்ப்யூட்டர் அல்லவா. கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் விளக்கு. நான் தை மாசம் வாங்கிக்கொடுத்தது கரும்பு.

வெல்வெட் டப்பாவில் ஸ்குரூடிரைவர், வரிசையாகப் பதினாறு. வேகத்தை ஏற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்தார். ஓவர்கிளாக்காம். கம்பெனி வைத்து அனுப்பிய ஓட்டத்துக்கு மேல் ஓட வைப்பது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு. காபி கொண்டுபோய் வைத்தேன். "தேங்க்ஸ் தாத்தா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. எண் தெரியும். போனில் மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பின்பக்கம் தொட்டியடியில் உட்கார்ந்து பேசுகிறேன். மருமகள் பார்த்தாலும் பேர் தெரியக்கூடாது. இனி அவர் ம.தா. மல்லேஸ்வரம் தாத்தா.

அவர் போனதும் பெட்டி நின்றது. திரை முழுக்க நீலம், ஏதோ எழுத்து. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை. இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

சாம்பிராணி போட்டேன். வெள்ளி, செவ்வாய் என்று இருந்ததைப் பெட்டி வந்த நாள் முதல் தினமும் ஆக்கிவிட்டேன். யாழினி காலேஜ் போனதும் தூபக்காலைப் பெட்டியின் முன்னால் பிடித்து மூன்று சுற்று. விசிறி புகையை நன்றாக இழுக்கிறது. பெட்டிக்கு ஊர்க்கண் பட்டதோ இல்லையோ, ம.தா. கண் பட்டிருக்கும். பார்க்கிற பார்வை அப்படி.

இன்று மறுபடி நீலம் ஒன்று. சாயங்காலம் கருப்பு ஒன்று. கருப்பு என்றால் எழுத்து எதுவும் வராது, பட்டென்று அணைந்துவிடும்.

ஏப்ரல் 11, சனி

பெட்டி நின்ற கணக்கு, வாயால் சொல்லிவைக்கிறேன்:
மார்ச்சில் கருப்பு மூன்று. கரண்ட் போனது என்று விட்டுவிட்டாள்.
ஒன்பதாம் தேதி நீலம் இரண்டு.
பத்து, நீலம் ஒன்று, கருப்பு ஒன்று.

இதை அப்படியே யாழினி ம.தா.வுக்குப் போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல்:

"நீலமா வந்தா என் மேல தப்பும்மா. வேகம் ஜாஸ்தி ஏத்திட்டேன். கருப்பா அணைஞ்சா சூடு. ரெண்டும் வேற வேற. நான் சொல்ற மாதிரி வேகத்தைப் பழையபடி இறக்கு. அப்புறம் எந்தக் கலர் வருதுன்னு பாரு. அதுலயே தெரிஞ்சிடும்."

என் மேல் தப்பு என்று சொல்லக்கூட அவருக்கு வருகிறது. எனக்கு அது வந்ததில்லை.

மத்தியானம் மருமகள் ரேவதி சாதம் போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "மாமா, நம்ம வீடு ஷீட்டு. சூடு எங்க போகும்? அப்பா வீட்ல ஏசி ரூம் சும்மாத்தான் கெடக்கு. காலேஜும் அங்க இருந்து பக்கம். பத்தொம்பதாம் தேதி கேம் மேட்ச் அவளுக்கு. டீம்ல அஞ்சு பேரு, பெட்டி நின்னு இவ ரெண்டு வாட்டி பாதியில காணாமப் போயிட்டா. இன்னொரு வாட்டி ஆனா எடுத்துடுவேன்னு கேப்டன் பையன் சொல்லிட்டானாம். அதுக்குள்ள சரியாகலேன்னா பெட்டியோட அங்க போயிரட்டும்."

"போயிட்டு எப்ப வருவா?"

"காலேஜ் முடியற வரைக்கும் இருக்கட்டுமே மாமா."

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ரசம் கேட்காமலே எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

யாழினி டெஸ்ட் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். பெட்டியை முழுமூச்சில் ஓடவிடும் டெஸ்ட்.

"தாத்தா, நீ இங்கயே உக்காரு. நின்னுச்சுன்னா நீலமா கருப்பான்னு மட்டும் பாத்து சொல்லு. வேற எதையும் தொடாதே."

உட்கார்ந்தேன். திரை மூலையில் சூடு காட்டும் எண். எழுபத்தெட்டு, எண்பத்தைந்து, தொண்ணூற்றி நாலு, தொண்ணூற்றி எட்டு. பட்டென்று அணைந்தது.

கருப்பு.

தலையில் துண்டோடு வந்தாள். "என்ன கலர்?"

"நீலம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. நீலம் என்றால் அவர் தப்பு.

"வேகத்தை இறக்கியும் நீலமா? நல்லாப் பாத்தியா தாத்தா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது."

ஏப்ரல் 14, செவ்வாய்

அண்ணல் ஜெயந்தி. தெருவெல்லாம் நீலக்கொடி, தமுக்கு, மோர்ப்பந்தல். இரண்டு தம்ளர் மோர் வீட்டுக்கு வாங்கிவந்தேன். பேத்தியை ஊர்வலம் பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை. ம.தா.வோடு போனில் இருந்தாள். நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மெமரியைக் கழற்றி மாட்டினாள். ஏதோ புரோகிராம் புதுசாகப் போட்டாள். நாலு மணி நேரம். இல்லாத நீலத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்.

போனில் தோழியிடம் பேசியது காதில் விழுந்தது. "மர்பி டவுன் தாத்தா பாத்தாருடி, நீலம்தானாம்."

இது என் வீடு. இந்த வீட்டில் நான் தாத்தா. எனக்கு எதற்கு ஏரியா பேர்?

ஏப்ரல் 15, புதன்

இருபத்தொன்பது வருஷம் சிவாஜிநகரில் ஐஸ் பேக்டரியில் பாளம் தூக்கியவன் நான். குளிர்ச்சியைப் பற்றி எனக்கு மெட்ரோவில் வந்து ஒருத்தர் சொல்லித் தர வேண்டுமா என்று தோன்றியது. மீன்கடையில் கெஞ்சி அரைப் பாளம் வாங்கி, சைக்கிளில் வைத்து, அகலத் தட்டில் போட்டுப் பெட்டியின் வாய்க்கு நேராக வைத்தேன். டேபிள் ஃபேனையும் திருப்பினேன்.

காலேஜிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே போடவில்லை.

"ஐயோ தாத்தா! உள்ள தண்ணி வேர்க்கும்! போர்டே போயிரும்! யாரு உன்னைக் கேட்டா?"

கண்ணாடியில் உள்பக்கம் முத்து முத்தாகப் பனி. கோணிக்குள் பாளம் எப்படி வேர்க்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆத்திரத்தில் மறந்துபோனேன். துணியால் துடைத்தாள். ராத்திரி முழுக்கக் காய வேண்டுமாம். ஐஸைத் தொட்டியில் கொட்டினேன். கால் கழுவ நன்றாக இருந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

மூட்டம். மழை வரும் போல இருந்து வரவில்லை. யாழினி காலேஜுக்கு லீவு போட்டிருந்தாள், அவள் குளிக்கும்போதே சாம்பிராணி ஆயிற்று.

பதினொரு மணிக்கு ம.தா. வந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு குழாயில் தண்ணீர் சுற்றிவருகிறது. சின்ன லாரி ரேடியேட்டர் மாதிரி ஒன்று, அதன்மேல் விசிறி. விசிறியை எடுத்தார்.

ரேடியேட்டர் பல்லிடுக்கெல்லாம் அடைசல். மேலே தூசி, அடியில் பழுப்பாகப் பிசின். விரலால் வழித்தார். மோந்து பார்த்தார். பிறகு பூஜை மாடத்துத் தூபக்காலைப் பார்த்தார். பிறகு என்னை.

மூன்று மாசப் புகை. தினமும் மூன்று சுற்று. நானே கையால் பிடித்து ஊட்டியிருக்கிறேன்.

"என்ன தாத்தா அது?" யாழினி ம.தா.விடம்.

"ரோட்டுத் தூசிம்மா. பெங்களூரு பூரா இதேதான். ஒரு பழைய டூத் பிரஷ் குடு, ஸ்பிரிட் இருக்கா பாரு."

காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதை என்ன செய்வது?

ஒன்றரை மணி நேரம் தேய்த்தார். புதுப் பசை வைத்து மூடினார். டெஸ்ட். எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. யாழினி குதித்தாள். ரேவதி பாயசம் வைக்கட்டுமா என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. இனி எதற்கு மல்லேஸ்வரம்?

அப்போது அவர் நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார்.

"சூடு சரியாப் போச்சு. ஆனா திங்கக்கிழமை நீலம் மட்டும் புரியலம்மா. வேகம் இறக்கின அப்புறம் வந்திருக்கு. அப்போ போர்டுலயே ஏதோ கோளாறு. இதை நம்பி மேட்ச்சுல உக்காராதே. நாளைக்கு வண்டி சொல்றேன், அங்க எடுத்துட்டுப் போயிடலாம். என் கம்ப்யூட்டர்லேர்ந்து பார்ட்டு மாத்தி மாத்திப் பாக்கறேன். நீயும் வந்துடு."

வாசலில் செருப்பு மாட்டும்போது என் பக்கம் குனிந்து, ரகசியமாக: "சம்பந்தி, அந்த ரூமுக்கு மட்டும் புகை வேணாம். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். தெருமுனை திரும்பும் வரை முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்த முதுகு.

ஏப்ரல் 18, சனி

தூக்கமில்லை. தண்ணீர் கேன்காரன் வந்தான். வண்டி பத்தரைக்கு.

பேத்தி ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். துணிப்பை கட்டி வைத்திருந்தது. காது ஜிமிக்கி டப்பாகூட எடுத்துவிட்டாள்.

"திங்கக்கிழமை கருப்பும்மா" என்றேன்.

"என்ன?"

"டெஸ்ட்டுல. நீலம் இல்ல. கருப்பு."

சுருட்டிய கை நின்றது. "மறந்துட்டியா தாத்தா? இப்ப ஞாபகம் வந்துச்சா?"

மறதி என்று சொல்லியிருக்கலாம். வயசு ஆகிவிட்டது, நம்புவாள். ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்தி எந்த ஓட்டலுக்கு எத்தனை பாளம் என்று கேட்டாலும் சொல்கிறவன் நான். மறதிக்காரன் என்ற பேரோடு அவள் முன்னால் நிற்க மனசு வரவில்லை.

"மறக்கல. தெரிஞ்சேதான் சொன்னேன். அவரு தப்புன்னு இருக்கட்டும்னு. அந்தப் பிசினும் ரோட்டுத் தூசி இல்ல. என் சாம்பிராணி."

சுருட்டிய ஒயரைக் கீழே வைத்தாள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"செவ்வாக்கிழமை நாலு மணி நேரம் தேடினேன் தாத்தா."

"தெரியும்."

"பக்கத்துல உக்காந்து மோர் குடிச்சிட்டிருந்த."

"ஆமா."

போனை எடுத்து மல்லேஸ்வரத்துக்குப் போட்டாள். ஸ்பீக்கர். "நீயே சொல்லு." சொன்னேன். ரேவதி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டாள். பெற்ற மகள் காதுபட அவள் அப்பனிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பக்கம் நோட்டுப் புரட்டும் சத்தம். பிறகு, "ஹௌதா, அப்படியா! அப்போ என் கணக்கு கரெக்ட்டுதான்! வேகம் இறக்கினதும் நீலம் நின்னுடுச்சு! நாலு நாளா மண்டையைப் பிச்சிட்டிருந்தேன் சம்பந்தி!"

மனுஷனுக்குக் கோபமே இல்லை. சந்தோஷம். இவரை எப்படித்தான் வெறுப்பது.

யாழினி வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். என்னோடு பேசவில்லை. மத்தியானம் தட்டு மட்டும் கொண்டுவந்து வைத்தாள். அப்பளம் இரண்டு இருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

நல்ல வெயில். மேட்ச் மூன்று மணிக்கு. ம.தா. இரண்டரைக்கே ஆஜர், கையில் மைசூர்பாக். ரேவதி ஷீட் மேல் ஈரக்கோணி போடச் சொன்னாள், போட்டேன்.

யாழினி காதில் பெரிய ஹெட்போன். உட்காருவதற்கு முன் ஸ்டூலை இழுத்துப் பெட்டிப் பக்கம் போட்டாள். நேற்றிலிருந்து முதல் பேச்சு: "தாத்தா, நம்பரைப் பாத்துக்கோ. எண்பது தாண்டினா தோளைத் தட்டு. உள்ளதைச் சொல்லு."

ம.தா.வுக்கு எங்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்து அவர் கண்ணுக்கு எண் எட்டாது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"எத்தனை சம்பந்தி?"

கேட்காத மாதிரி இருந்தேன்.

"சம்பந்தி, எத்தனை காட்டுது?"

தொண்ணூற்றி ஐந்து என்று சொல்லி நாற்காலியிலிருந்து எழுப்பலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முதுகைப் பார்த்தேன்.

"அறுபத்தொம்பது" என்றேன்.

ஒன்றே கால் மணி நேரம். நீலமும் இல்லை, கருப்பும் இல்லை. ஜெயித்தார்கள். அவள் எழுந்து முதலில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அடுத்த மேட்ச் வரும் ஞாயிறு, இங்கேதான். ம.தா.வும் வருகிறாராம். வரட்டும். ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது.