அதிமதுரம் ஊறும் நேரம்

என்னவருக்கு,

அடுப்படியில் நீங்கள் அதிமதுர வேரைத் தட்டுவது கேட்கிறது. கண்ணை மூடினால் அந்த வேர் என் தொண்டைக்குள் இறங்கி மெல்லத் துளிர்விடுவதுபோல் இருக்கிறது. நேற்று மதியத் தூக்கத்தில், ரயில் நிலையத்து அறிவிப்பு அறையில் பழையபடி மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியிலிருந்து என் குரலுக்குப் பதில் அதிமதுரத் தேநீரின் வாசனை வந்தது. அதை முகர்ந்தே எல்லோரும் அவரவர் ரயிலில் சரியாக ஏறிவிட்டார்கள்.

“அதிமதுரத்துக்கு மசியாத தொண்டை உண்டா? சீக்கிரமே பேசிப் பேசி என் உயிரை வாங்கப்போறே பாரு” என்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்களே பேசுவதில்லை. நான் எழுதிக் காட்டினால் நீங்களும் எழுதித்தான் பதில் தருகிறீர்கள். ‘இன்னும் சூடு பண்ணவா?’ என்பதைக்கூட எழுதி நீட்டுகிறீர்கள். எனக்குப் பழுது தொண்டையில்தான், காதில் இல்லை.

இன்று டாக்டர் உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். என்ன சொன்னார் என்று பஸ்ஸில் எழுதிக் கேட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது. குடித்த பிறகு பச்சைத் தண்ணீர்கூட இனிக்கிறது. நாளைக்கும் போடுங்கள், தொண்டைக்காக இல்லாவிட்டாலும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இதை மனதுக்குள் படிக்காதீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். நான் பேசுவதை இனி உங்கள் குரலில்தான் கேட்க வேண்டும்.

உங்கள் வாயாடி